பல்லை நகர்த்துவது கிளிப், நிறுத்துவது நாக்கு

பல்லுக்குக் கிளிப் போடுவது பள்ளிப் பிள்ளைகளோடு நின்ற காலம் போய்விட்டது. திருப்பதியில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவர், ஸ்ரீசிட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுத் தனக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கிய சித்தூர்த் தாய் என்று பெரியவர்களும் இப்போது கிளிப் போட வருகிறார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் முறையாக வருகிறவர்கள். பத்தாவது படிக்கும்போது போட்டார்கள், பல் வரிசைக்கு வந்தது, கழற்றினார்கள். சில வருடத்தில் முன்பல்லின் நடுவே பழைய சந்து மறுபடி விழுந்துவிட்டது. அல்லது மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் தொடாமல் நிற்கத் தொடங்கிவிட்டன.

"கழற்றிய பிறகு பல்லைப் பிடித்து வைக்கும் ரிடெய்னரை ஒழுங்காகப் போடவில்லை" என்பதுதான் இதற்கு வழக்கமான பதில். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் சிலருக்கு இப்படி ஆகிறது. பல்லை முதலில் தள்ளியது எதுவோ அது இன்னும் வாய்க்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் காரணம். பெரும்பாலும் அது நாக்கு. அதோடு சேர்ந்து, மூடாத உதடும் வாய்வழியாக விடும் மூச்சும்.

இவற்றைச் சரிசெய்யும் பயிற்சிக்கு மையோஃபங்ஷனல் தெரபி என்று பெயர். நம் பேச்சில் சொன்னால், வாய்க்கும் முகத்துக்குமான தசைப் பயிற்சி. பெரியவர்கள் கிளிப் சிகிச்சையோடு இதை எப்போது, எப்படிச் சேர்க்க வேண்டும், எதற்கு இது உதவும், எதற்கு உதவாது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பல் நகர்வது எப்படி?

பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் நார்களால் ஆன ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அந்த நார்கள்தான் பல்லைப் பிடித்து வைத்திருக்கின்றன. பல்லை ஒரு பக்கமாக விடாமல் அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் இடம் மாறுகிறது. இதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. ஒரு பல்லைச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம் விசை போதும். அது விட்டுவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி நகரும் பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போகும்.

கிளிப்பைக் கழற்றியதும் பல் அந்த இடத்திலேயே உறைந்து நின்றுவிடாது. வேரைச் சுற்றிய நார்கள் புதிய இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறில் இருக்கும் மீள்தன்மையுள்ள நார்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதுவரை பல்லைப் பிடித்து வைக்கத்தான் ரிடெய்னர். அந்தக் காலம் முடிந்த பிறகும் பல்லுக்கு வெளியே உதடும் கன்னமும், உள்ளே நாக்கும் இரவு பகலாக இருக்கின்றன. லேசான விசைக்கே நகரும் பல், இந்தத் தசைகள் விடாமல் தள்ளினாலும் நகரும்.

விழுங்குவதைவிட சும்மா இருப்பதே முக்கியம்

நாக்கு பல்லைத் தள்ளுகிறது என்றவுடன், விழுங்கும்போது நாக்கை வெளியே நீட்டித் தள்ளுவதுதான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் ப்ராஃபிட் என்ற பல் சீரமைப்பு நிபுணர் 1978-இல் இந்தக் கணக்கைத் திருத்தினார். ஒரு மனிதர் ஒரு நாளில் விழுங்குவது ஆயிரம் தடவைக்குள். ஒவ்வொரு முறையும் நாக்கு பல்லில் அழுந்துவது ஏறத்தாழ ஒரு விநாடி. மொத்தத்தையும் கூட்டினாலும் பதினேழு நிமிடம் தாண்டாது. பல் நகர அது போதாது. அதற்கு மணிக்கணக்கான அழுத்தம் வேண்டும்.

அந்த மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது? பேசாமலும் சாப்பிடாமலும் சும்மா இருக்கும் நேரத்தில் நாக்கு படுத்திருக்கும் இடத்திலிருந்து. பஸ்ஸில் போகும்போது, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, தூங்கும்போது நாக்கு எங்கே இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லது. கீழ்த்தாடையில் தாழ்ந்து கிடந்தாலோ, முன்பற்களுக்கு நடுவே நுழைந்து நின்றாலோ, அந்த மெல்லிய அழுத்தம் நாள் முழுக்கப் பல்லின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் நல்ல தசைப் பயிற்சி விழுங்கும் முறையை மட்டும் திருத்திவிட்டு நின்றுவிடாது. நாக்குக்குச் சரியான ஓய்விடத்தைப் பழக்குவதே அதன் முதல் வேலை.

உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது?

தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்த ஓய்விடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 'பந்து' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'ந்' வரும் நேரத்தில் நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்புறத்தைத் தொடும். இப்போது 'கன்னம்' என்று சொல்லுங்கள். 'ன்ன' வரும்போது நாக்கு நுனி பல்லைவிட்டுப் பின்னால் போய், மேல் ஈறின் மேட்டைத் தொடும். சும்மா இருக்கும்போது நாக்கு நுனி இருக்க வேண்டியது இந்த 'கன்னம்' இடத்தில்தான், 'பந்து' இடத்தில் அல்ல. நுனி அங்கே இருக்க, நாக்கின் உடல் முழுவதும் மேல் அண்ணத்தில் மெதுவாக ஒட்டியிருக்க வேண்டும். உதடுகள் வலிந்து மூடாமல் தானாகச் சேர்ந்திருக்க வேண்டும். மேல் கீழ்ப் பற்கள் இறுகக் கடிக்காமல் சற்றே விலகி இருக்க வேண்டும். மூச்சு மூக்கு வழியாகப் போய் வர வேண்டும்.

இனி கண்ணாடி முன் நின்று சில சோதனைகள். கொஞ்சம் தண்ணீர் வாயில் வைத்து, உதட்டை விரலால் மெல்ல விலக்கி, கடைவாய்ப் பல்லைக் கடித்தபடி விழுங்கிப் பாருங்கள். முன்பல் சந்து வழியாக நாக்கு எட்டிப் பார்க்கிறதா? தண்ணீர் வெளியே தெறிக்கிறதா? உதட்டை மூடியபடி விழுங்கும்போது முகவாயில் தோல் சுருங்கிக் குழிகுழியாகத் தெரிகிறதா? அப்படியானால் உதட்டை மூட முகவாய்த் தசை வேலை செய்யவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். நாக்கை நீட்டி ஓரங்களைப் பாருங்கள். பல் பதிந்த வடுக்கள் வரிசையாகத் தெரிந்தால், நாக்கு பல்லின் மேல் அழுந்திக் கிடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஓபன் பைட் என்று டாக்டர்கள் சொல்லும் கோளாறை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கடைவாய்ப் பல் முழுக்கக் கடித்திருந்தும் மேல் கீழ் முன்பற்கள் தொடாமல் இருப்பதுதான் அது. அது இருப்பவர்களுக்குச் சேமியாவை முன்பல்லால் நறுக்கச் சிரமமாக இருக்கும். நகரியிலும் புத்தூரிலும் தறி ஓட்டுகிற வீடுகளில் நூலை முன்பல்லால் கடித்து அறுப்பது வழக்கம். நூல் முன்பல்லில் சிக்காமல், கடைவாய்க்குக் கொண்டுபோய் அறுக்கிறவர் ஒருவர் இருந்தால் அவர் பல்லைக் கவனித்துப் பாருங்கள். அப்படி நூல் அறுக்கும் பழக்கமே பல்லைத் தேய்க்கும் என்பதால் கத்தரிக்கோல் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

இந்தச் சோதனைகள் சந்தேகத்தைக் கிளப்ப மட்டும்தான். நோயை முடிவு செய்வது டாக்டரின் வேலை.

முதலில் மூக்கு

மூக்கு அடைத்திருப்பவருக்கு நாக்கை மேலே ஒட்டி, வாயை மூடி வை என்று பயிற்சி கொடுப்பதில் பயன் இல்லை. மூச்சு முட்டினால் உடம்பு வாயைத் திறக்கும். வாய் திறந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். அதனால் கிளிப்புக்கும் பயிற்சிக்கும் முன்னால் மூக்கைப் பார்க்க வேண்டும். மூக்கு ஒவ்வாமை, மூக்கின் நடுச்சுவர் வளைவு, மூக்குக்குள் சதை வளர்ச்சி ஆகியவை பெரியவர்களிடம் சாதாரணமாகக் காணும் காரணங்கள். குப்பம் பக்கத்தில் கிரானைட் வேலை செய்கிறவர்களைப் போல நாள் முழுக்கத் தூசியில் நிற்பவர்களுக்கு ஒவ்வாமை இன்னும் தொல்லை கொடுக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து மருந்தோ மற்ற சிகிச்சையோ கொடுத்த பிறகு பயிற்சி தொடங்கினால் பலன் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி ஏறும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது கோளாறு அல்ல. உடம்பு கடுமையாக உழைக்கும்போது யாருக்கும் வாய் திறக்கும். மேலே போய் உட்கார்ந்து, மூச்சு அடங்கி, வரிசையில் காத்திருக்கும்போதும் வாய் திறந்தே இருந்தால், காலையில் எழுந்ததும் உதடும் தொண்டையும் வறண்டிருந்தால் அப்போது கவனிக்க வேண்டும்.

குறட்டை பலமாக இருந்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால், பகலில் கண் சொக்கினால், பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தூக்கப் பரிசோதனை முதலில் தேவை. தூக்கத்தில் மூச்சடைப்பு இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கிற நோய்.

பயிற்சியில் என்ன செய்வார்கள்?

பயிற்சி மூன்று கட்டமாகப் போகும். முதல் கட்டத்தில் தசைகளுக்கு வலுவும் கட்டுப்பாடும் சேர்ப்பார்கள். நாக்கு முழுவதையும் மேல் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டிக்கொண்டு, அப்படியே வாயைத் திறந்து சில விநாடி நிறுத்துவது இதில் முக்கியமானது. நாக்கின் அடியில் இருக்கும் தசைநார் இழுபடுவது கண்ணாடியில் தெரியும். பிறகு நாக்கை 'டொக்' என்று சத்தம் வர விடுவிக்க வேண்டும். உதட்டுக்கான பயிற்சி, இரண்டு உதடுகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைப் பல் படாமல் பிடித்து நிற்பது. கிளிப் போடாதவர்களுக்கு ஒரு பெரிய தட்டைப் பொத்தானில் உறுதியான நூலைக் கட்டி, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வைத்து, நூலை இழுக்க இழுக்க உதட்டால் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். முன்பல்லில் பிராக்கெட் ஒட்டியிருந்தால் இது உதட்டின் உள்பக்கத்தைக் குத்தும். அப்போது காகிதமே போதும்.

இரண்டாம் கட்டத்தில் அந்த வலுவை விழுங்குவதிலும் மெல்லுவதிலும் பழக்குவார்கள். நாக்கு நுனியை ஓய்விடத்தில் வைத்து, கடைவாய்ப் பல்லை லேசாகச் சேர்த்து, உதட்டைத் தளர்வாக வைத்து ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவது முதல் படி. அதன் பிறகு கஞ்சி, பிறகு இட்லி, பிறகு சாதம். உணவை ஒரே பக்கமாக மெல்லாமல் இரண்டு பக்கமும் மெல்லுவதும் இந்தப் பாடத்தில் அடங்கும். சொற்களைச் சொல்லிப் பழகும்போது தாய்மொழிச் சொற்களையே கேளுங்கள். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு 'ல', 'ன' வரும் தமிழ்ச் சொற்கள் நாக்கில் தானாக வரும்.

மூன்றாம் கட்டம் கடினமானது. பயிற்சி நேரத்தில் சரியாகச் செய்வது ஒரு மாதத்தில் வந்துவிடும். கவனிக்காத நேரத்திலும் நாக்கு மேலே இருக்க வேண்டும் என்றால் பல மாதம் ஆகும். மொபைலில் மணிக்கு ஒரு தடவை நினைவூட்டல் வைப்பது, மேசையில் ஒரு சிறு அடையாளம் ஒட்டி வைத்து அதைப் பார்க்கும் போதெல்லாம் நாக்கைச் சரிபார்ப்பது, தூங்கும் முன் பத்து தடவை சரியாக விழுங்கிவிட்டுக் கண் மூடுவது என்று சின்னச் சின்ன வழிகள் சொல்லிக் கொடுப்பார்கள். தினம் இரண்டு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

முகக் கண்ணாடி, தண்ணீர், காகிதம், பொத்தான் இவ்வளவுதான் கருவிகள். செலவாவது பயிற்சி கொடுப்பவரின் நேரமும் உங்கள் பொறுமையும்தான்.

கிளிப்போடு எப்படிச் சேர்ப்பது?

திருப்பதி, சித்தூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு இதைப் புரிய வைக்க வெளியூர் உதாரணம் வேண்டாம். கை கால் முறிந்தால் சென்னையிலிருந்துகூடப் புத்தூர் கட்டுக்கு வருகிறார்கள். கட்டு எலும்பைச் சேர்த்து வைக்கும். கட்டை அவிழ்த்ததும் கை முன்போல மடங்காது. தினம் மடக்கி நீட்டிப் பழகினால்தான் கை கைக்கு வரும். கிளிப்பும் ஒரு கட்டுதான். பல்லைக் கொண்டுபோய் நிறுத்தும். சுற்றியுள்ள தசைகளுக்குப் புதுப் பழக்கம் வருவது பயிற்சியில்தான்.

வரிசை இப்படி இருந்தால் நல்லது. கிளிப் ஒட்டுவதற்கு முன், எக்ஸ்ரே எடுத்து பல் அச்சு எடுக்கும் அதே நாளில், நாக்கு, உதடு, மூச்சு, விழுங்கும் முறை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஈறு நோய் இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும். மூக்கையும் பார்த்துவிட வேண்டும். பிறகு, கிளிப்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவோ கிளிப்போடு சேர்த்தோ பயிற்சியைத் தொடங்கலாம். முன்பற்கள் உள்ளே வந்து, மேல் அண்ணத்தில் நாக்குக்கு இடம் சரியாகத் தெரியும் நேரத்தில் பயிற்சியை அழுத்திச் செய்ய வேண்டும். கிளிப்பைக் கழற்றிய பிறகும் ரிடெய்னர் போடும் முதல் வருடம் முழுக்க அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பெரியவர்களுக்குக் கிளிப் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். அந்தக் காலத்தைப் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொண்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

மேல் கீழ் இரண்டு வரிசையும் முன்னால் துருத்தி, உதடு மூடாமல் இருப்பது நம் தென்னிந்திய முகங்களில் அதிகம் காணும் அமைப்பு. பெரியவர்களுக்கு இதில் வழக்கமாக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, முன்பற்களைப் பின்னால் இழுப்பார்கள். பல் உள்ளே வந்துவிட்டது, இனி உதடு மூடும் என்று நினைப்போம். இருபது வருடம் திறந்தே இருந்த உதடு ஒரே நாளில் மூடப் பழகாது. உதட்டுப் பயிற்சி இங்கே நேரடியாகக் கை கொடுக்கும். நாக்குக்கும் முன்னைவிட இடம் குறைந்திருப்பதால், அதைக் கீழே தள்ளாமல் மேலே தூக்கிப் பழகுவது இவர்களுக்குக் கூடுதலாக முக்கியம். இல்லாவிட்டால் மூடிய சந்து மறுபடி திறக்கும்.

நாற்பது வயதுக்கு மேல் முன்பற்கள் விசிறியாக விரிந்து சந்து விழுவது வேறு கதை. அதன் வேர் பெரும்பாலும் ஈறு நோயில் இருக்கும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் இன்னும் மோசமாகும். எலும்பின் பிடி தளர்ந்த பல்லை நாக்கு சுலபமாகத் தள்ளிவிடும். ஈறு மருத்துவம், சர்க்கரைக் கட்டுப்பாடு, அதன் பிறகு மென்மையான விசையில் கிளிப், கூடவே நாக்குப் பயிற்சி என்று போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் மற்றதெல்லாம் வீண்.

நாக்கைத் தடுக்கப் பல்லின் பின்னால் கம்பி வேலி போல ஒரு கருவி பொருத்துவதும் உண்டு. நாக்கு முன்னால் வந்தால் கம்பியில் முட்டும். கருவி இருக்கும்வரை வேலை செய்யும். பயிற்சியும் சேர்ந்தால், கருவி போன பிறகும் புதுப் பழக்கம் நிலைக்க வாய்ப்பு அதிகம். கம்பி இல்லாத அலைனர் போடுகிறவர்கள் அதை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். நாக்குப் பயிற்சியை அலைனரோடு செய்வதா, கழற்றிவிட்டுச் செய்வதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சான்று என்ன சொல்கிறது?

இந்தச் சிந்தனை புதிதல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பல் சீரமைப்பு நிபுணர் ஆல்ஃபிரட் ராஜர்ஸ் 1918-இலேயே முகத் தசைப் பயிற்சியைக் கிளிப் சிகிச்சையோடு சேர்க்கச் சொல்லி எழுதினார். இடையில் ஆர்வம் ஏறி இறங்கியது. 2010-இல் ஸ்மித்பீட்டர், கோவெல் என்ற இருவர் அமெரிக்காவில் ஓபன் பைட்டுக்குக் கிளிப் போட்ட 76 பேரை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிளிப்போடு தசைப் பயிற்சியும் செய்தவர்களுக்குத் திறப்பு திரும்பிய அளவு சராசரியாக 0.5 மில்லிமீட்டர். கிளிப் மட்டும் போட்டவர்களுக்கு 3.4 மில்லிமீட்டர். வித்தியாசம் பெரிது. ஆனால் இரு குழுக்களையும் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. எண்ணிக்கையும் சிறியது. அதனால் முழு வித்தியாசத்தையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. பயிற்சிக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

தூக்க மூச்சடைப்பில் இன்னொரு சான்று இருக்கிறது. பிரேசிலில் நடுத்தர அளவு மூச்சடைப்பு உள்ள 31 பேரை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மூன்று மாதம் நாக்கு, தொண்டைப் பயிற்சி செய்த குழுவில், மூச்சடைப்பு மணிக்குச் சராசரி 22.4 தடவையிலிருந்து 13.7 தடவையாகக் குறைந்தது. குறைந்தது, மறையவில்லை. பயிற்சியின் எல்லையை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

எல்லையை அறிந்துகொள்வது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். பல் நெருக்கமாக முளைத்திருந்தால் நாக்குப் பயிற்சி அதை வரிசைப்படுத்தாது. பெரியவர்களின் மேல்தாடை எலும்பை நாக்கால் அழுத்தி அகலப்படுத்த முடியாது. அண்ணத்தின் நடுவே இருக்கும் எலும்புப் பொருத்து பெரும்பாலோருக்குப் பதின்பருவத்தின் இறுதியை ஒட்டி இறுகிவிடும். இணையத்தில் நாக்கை மேலே அழுத்தினால் தாடையே கூர்மையாகும் என்று 'மியூயிங்' காணொளிகள் சுற்றுகின்றன. பெரியவர்களின் எலும்பு அப்படி மாறுவதற்குச் சான்று இல்லை. தாடை எலும்பின் வளர்ச்சியிலேயே பெரிய கோளாறு இருந்தால் அறுவை சிகிச்சைதான் வழி. அங்கேயும் அறுவைக்கு முன்னும் பின்னும் தசைப் பயிற்சி துணையாக நிற்கும், அதன் இடத்தைப் பிடிக்காது.

நாக்கின் அடித்தசைநார் குட்டையாக இருந்து நாக்கு மேலே எட்டாதவர்களுக்கு அதை வெட்டி விடுவிப்பார்கள். வெட்டியதோடு நிறுத்தினால் போதாது. முன்னும் பின்னும் பயிற்சி இருந்தால்தான் நாக்கு அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தும். பாக்கு, குட்கா பழக்கத்தால் வாய் இறுகி மூன்று விரல் நுழையும் அளவுகூடத் திறக்காதவர்கள் முதலில் வாய் நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய நிலை. அதைக் கிளிப் வேலையின் நடுவே விட்டுவிடக் கூடாது.

இந்தப் பக்கத்தில் யாரிடம் போவது?

நாக்குப் பயிற்சி, மூக்கு, கிளிப் மூன்றும் ஒரே அறையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிந்தாலும் மருத்துவத்துக்கான போக்குவரத்து பழையபடியேதான் இருக்கிறது. திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் பல் சீரமைப்பு, ஈறு மருத்துவம், வாய் அறுவை ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பதால், ஒருவர் இன்னொருவரைக் கேட்டு முடிவெடுப்பது சுலபம். மூக்கு, தொண்டைக்கு எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. சித்தூர், குடியாத்தம் பக்கத்து ஜனங்களுக்கு வேலூர் சி.எம்.சி. கூப்பிடு தூரம். சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர்தான்.

தசைப் பயிற்சியைப் பெரும்பாலும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான் கொடுப்பார். சில பல் சீரமைப்பு நிபுணர்களும் தனிப் பயிற்சி எடுத்துக்கொண்டு கொடுக்கிறார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். கிளிப் போடுகிறவர் பி.டி.எஸ். முடித்த பிறகு மூன்று வருடம் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்பதையும் கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மொழியும் ஒரு காரியம். நாக்கை எங்கே வை, எப்படி விழுங்கு என்பது சொல்லிப் புரிய வைக்கும் வேலை. தெலுங்கில் சொல்லிக் கொடுத்தது முழுக்கப் பிடிபடவில்லை என்றால், "தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள் சார்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இந்த ஊர்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு பயிற்சியை மொபைலில் படம் பிடித்து வைத்தால் வீட்டில் அதைப் பார்த்துச் செய்யலாம்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

என் பல் இப்படி ஆனதற்கு நாக்கோ உதடோ மூச்சோ காரணமா? எப்படித் தெரிந்தது?

மூக்கை யாரிடம் காட்ட வேண்டும்? கிளிப்புக்கு முன்பா, பிறகா?

பயிற்சி தேவை என்றால் யார் கொடுப்பார்? கிளிப்பின் எந்தக் கட்டத்தில் தொடங்கும்?

கிளிப் கழற்றிய பிறகு எத்தனை நாளுக்கு ஒரு தடவை நாக்கைச் சரிபார்ப்பீர்கள்?

பயிற்சி இல்லாமலே எனக்குப் போதும் என்றால், ஏன்?

கடைசிக் கேள்விக்கும் நல்ல பதில் இருக்கலாம். எல்லோருக்கும் நாக்குப் பயிற்சி வேண்டியதில்லை. நாக்கும் உதடும் மூச்சும் ஒழுங்காக இருக்கிறவருக்குக் கிளிப்பும் ரிடெய்னரும் போதும். ஆனால் ஒரு தடவை கிளிப் போட்டு, பல் மறுபடி பழைய இடத்துக்குப் போய்விட்டவர் இன்னொரு தடவை போடும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. பெரியவர்களுக்கு இன்னொரு இரண்டு வருடமும் இன்னொரு தொகையும் சின்ன விஷயமல்ல. எலும்பின் வளர்ச்சி வயதோடு நின்றுவிடும். தசையின் பழக்கத்தை எந்த வயதிலும் மாற்றலாம். நாற்பதிலும் ஐம்பதிலும் புதிதாக நீச்சலும் வீணையும் கற்றுக்கொள்கிறார்கள். நாக்குக்கும் கற்றுக்கொடுக்க முடியும், நல்ல ஆசிரியரும் அன்றாடப் பத்து நிமிடமும் கிடைத்தால்.